ஆராய்ச்சிக் கட்டுரையில் படத்தின் இடம்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறி வெளிவந்ததும் அதில் முதலில் படிக்கப்படுவது தலைப்பு. அடுத்துப் பார்க்கப்படுவது படம். கட்டுரையை முதலிலிருந்து முடிவு வரை படிப்போர் மிகச் சிலரே. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாவட்ட அலுவலகத்துக்கும், அங்கிருந்து களப்பணியாளரின் கைக்கும், பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கும் செய்தி செல்லும் வழியில் கட்டுரையின் பத்திகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. படம் மட்டும் பெரும்பாலும் அப்படியே போய்ச் சேருகிறது. அவ்வாறிருந்தும், கட்டுரை முழுவதையும் எழுதி முடித்த பின்னர், கடைசி நாளன்று, கணிப்பொறி தானாகத் தரும் வடிவத்திலேயே ஒரு படத்தைச் செய்து சேர்த்துவிடும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. பிழையான வாக்கியத்தைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பக் கூசும் ஆசிரியர், பிழையான படத்தை அனுப்பக் கூசுவதில்லை. இவ்வழக்கம் மாற வேண்டும்.

எண்களை அட்டவணையாகக் கொடுத்தாலே போதும், படம் வீண் செலவு என்று கருதுவோரும் உளர். அவர்களுக்கு 1973ஆம் ஆண்டில் பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலறிஞர் தக்க விடை அளித்தார். அவர் நான்கு சிறிய எண் தொகுதிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் பதினொரு இணை எண்கள். நான்கிலும் சராசரி ஒன்றே. சிதறலின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. ஒட்டுறவுக் கெழு 0.82, பொருந்தும் நேர்கோடும் ஒன்றே. அட்டவணையின் அடியில் எழுதப்படும் கணக்குகளை மட்டும் பார்ப்பவருக்கு அவை நான்கும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல் தோன்றும். தாளில் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தாலோ, ஒன்று கோட்டைச் சுற்றிச் சிதறியிருக்கிறது. மற்றொன்று வில்லாக வளைகிறது. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி வழி தவறி நிற்க, ஏனையவை நேர்கோட்டில் உள்ளன. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க, தொலைவில் தனித்து நிற்கும் பதினொன்றாவது புள்ளியே கோட்டின் போக்கு முழுவதையும் தீர்மானிக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ஒரு பாடவேளைக்குள் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

படத்தின் ஆற்றலுக்குச் சான்றாக லண்டன் காலராப் படத்தைக் கூறுவது ஆசிரியர்களின் வழக்கம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அந்நகரின் சோஹோ பகுதியில் காலரா கடுமையாகப் பரவியது. பிராட் தெருவிலிருந்த ஒரு நீர்ப்பம்பே அதற்குக் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டார். அவர் வெளியிட்ட தெருப்படத்தில், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு, சாவு நிகழ்ந்த வீட்டின் இடத்தில் அடுக்கப்பட்டுள்ளது. அக்கோடுகள் எந்தப் பம்பைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கும். இப்படத்தைக் கண்டே பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது என்று பலரும் கற்பிப்பது சரியன்று. கைப்பிடி அகற்றப்பட்டது செப்டம்பர் 8ஆம் நாள். படம் அதன் பின்னரே உருவாகி, 1855இல் ஸ்னோவின் நூலில் வெளிவந்தது. கைப்பிடியை அகற்றுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அப்படத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று. பம்பைச் சுற்றி மிகுதியான சாவுகள் குறிக்கப்பட்டிருப்பதால் மட்டும் பம்பு குற்றவாளி ஆகிவிடாது; அங்கே மிகுதியான மக்கள் வாழ்ந்தனர் என்பதும் காரணமாயிருக்கலாம் அன்றோ? ஸ்னோ இதை உணர்ந்திருந்தார். பம்புக்கு அருகிலேயே ஏழைகளுக்கான ஒரு பெரிய வேலைவிடுதி இருந்தது. அதில் 535 பேர் வாழ்ந்தனர், மாண்டவர் ஐவரே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்ததை அவர் விசாரித்து அறிந்தார். பிராட் தெருவிலேயே இருந்த மதுபான வடிசாலையின் தொழிலாளர் எவரும் மாளவில்லை. அவர்கள் தெருப்பம்பின் நீரைக் குடிப்பதில்லை. படத்தில் கோடுகள் அடர்ந்த இடங்களைப் போலவே, கோடுகள் இல்லாத இடங்களும் சாட்சி கூறுகின்றன. நோய் கண்ட இடங்களை மட்டும் குறித்து, காணாத இடங்களைப் பற்றி வாய் திறவாத படம் பாதிப் படமேயாகும்.

அவ்வாறு பாதியை விட்டுவிட்டதன் விளைவு எவ்வளவு கொடிதாகக்கூடும் என்பதற்கு 1986ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. அவ்வாண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்தது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். கலத்தை உந்திச் செல்லும் ராக்கெட்டின் பகுதிகள் இணையும் இடத்தில் பொருத்தப்பட்ட ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, எரிவாயுவைத் தடுக்க முடியாமற் போனதே காரணம் என்று பின்னர் விசாரணைக் குழு கண்டது. ராக்கெட்டைச் செய்த பொறியாளர்களுக்கு இவ்வச்சம் முன்பே இருந்தது. முதல் நாள் இரவு அவர்கள் தொலைபேசி வழியே விவாதித்து, தாள்கள் பலவற்றை அனுப்பி, ஏவ வேண்டாம் என்றே வாதாடினர். ஆனால் வளையம் சேதமுற்ற ஏவுதல்களைப் பற்றியே பேச்சு நிகழ்ந்தது. அவற்றுள் ஒன்று 53 டிகிரி பாரன்ஹீட் குளிரிலும், மற்றொன்று 75 டிகிரி வெப்பத்திலும் நிகழ்ந்தவை. எனவே குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு உறுதியாகவில்லை என்று மேலாளர்கள் முடிவு செய்தனர்.

சேதமுறாத ஏவுதல்களையும் அதே தாளில் குறித்திருந்தால் காட்சியே மாறியிருக்கும். விசாரணைக் குழு அவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தது. 61 டிகிரியும் அதற்கு மேலும் வெப்பம் இருந்த 21 ஏவுதல்களில் நான்கில் மட்டுமே வளையங்கள் சேதமுற்றிருந்தன. 61 டிகிரிக்குக் குறைந்த ஏவுதல் ஒவ்வொன்றிலும் சேதம் இருந்தது. விபத்து நாளன்று காலை வெப்பநிலை 36 டிகிரி. அதற்கு முன் 50 டிகிரிக்குக் குறைந்த வெப்பநிலையில் ஏவுதல் நிகழ்ந்ததே இல்லை. பழி முழுவதையும் படத்தின் மேல் போடுவது நியாயமன்று. கால அட்டவணையின் நெருக்கடியும், மேலிடத்தின் மனப்போக்கும் அவ்விரவில் பங்கு கொண்டன. ஆயினும் இருபத்து நான்கு புள்ளிகளுக்கும் குறைவான ஒரு படம் அவ்விவாதத்தில் இல்லாமற்போனது வருந்தத்தக்கதே. பூச்சி தாக்கிய வயல்களை மட்டும் பதிவு செய்து, தாக்காத வயல்களைப் பதிவேட்டில் சேர்க்காமல் விடும் களப்பணியாளர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் விட்டுவிட்ட வரிகளை எந்த வரைவாளராலும் பின்னர் வரைந்து சேர்க்க இயலாது.

அடுத்து, ஐயத்தைப் படத்தில் காட்டும் முறை. எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. அதை மறைக்காமல் காட்டுவது விஞ்ஞானத்தின் நாணயம். இத்துறையில் பாரத நாடு பெருமைப்படத்தக்க ஒரு முறை உண்டு. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பெரிய கணக்கெடுப்புகளில் ஒரே பகுதியை இரண்டு தனித்தனி மாதிரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பணியாளர் குழுவைக் கொண்டு கணக்கெடுக்கச் செய்தார். 1960ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றில் அம்முறையைப் படத்துடன் இணைத்துக் காட்டினார். குடும்பங்களைச் செலவின் வரிசையில் நிறுத்திச் சம எண்ணிக்கையுள்ள பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவின் சராசரியையும் குறித்துக் கோடிழுக்க வேண்டும். இரு மாதிரிகளுக்கும் இரு கோடுகள் கிடைக்கும். அவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பே பிழையின் அளவு. கோடுகள் ஒட்டிச் சென்றால் முடிவை நம்பலாம். விலகிச் சென்றால் தயங்க வேண்டும். இரண்டு காலங்களையோ இரண்டு மாநிலங்களையோ ஒப்பிடும்போதும், அவற்றின் வேறுபாடு இப்பிழைப் பரப்பைவிடப் பெரிதா என்று கண்ணாலேயே மதிப்பிடலாம். சூத்திரம் அறியாதவருக்கும் விளங்கக்கூடிய படம் இது. களத்தில் இருவர் எடுத்த கணக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. களப்பணியின் தரமே தாளில் கோடாக வந்து நிற்கிறது எனலாம்.

இன்றைய கட்டுரைகளில் இவ்வேலையைச் செய்வது, பட்டையின் உச்சியில் நிற்கும் சிறு பிழைக்கோடு. அது எதைக் குறிக்கிறது? திட்ட விலக்கத்தையா, திட்டப் பிழையையா, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கை எல்லையையா? மூன்றும் வெவ்வேறு நீளமுடையவை. மூன்றும் வெவ்வேறு பொருள் தருபவை. ஆயினும் எது என்று கூறாத கட்டுரைகள் ஏராளம். உளவியல், மருத்துவம் முதலிய துறைகளில் கட்டுரை வெளியிட்ட ஆராய்ச்சியாளர்களையே கேட்டுப் பார்த்தபோது, பலர் இக்கோடுகளைத் தவறாகப் பொருள் கொண்டனர் என்பது 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றால் தெரிகிறது. அறிஞர்களின் நிலையே இதுவானால், அக்கோட்டைக் கண்டு திகைக்கும் பள்ளி ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. படத்தின் அடியில் ஒரே ஒரு சொற்றொடர் எழுதினால் இக்குறை தீரும்.

ஐயத்தைக் காட்டும் படங்களுள் பொதுமக்களை நேரே சென்று அடைவது புயலின் பாதைப் படம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வங்கக் கடலில் தோன்றிய வார்டு புயலிலிருந்து, எதிர்பார்க்கும் பாதையுடன் ஒரு கூம்பையும் சேர்த்து வெளியிட்டு வருகிறது. முந்தைய ஆண்டுகளின் முன்னறிவிப்புகள் எவ்வளவு விலகின என்ற கணக்கிலிருந்து அக்கூம்பின் அகலம் பெறப்படுகிறது. புயலின் மையம் கூம்புக்குள் எங்கேனும் செல்லலாம். சில வேளை வெளியேயும் செல்லலாம். நாள் செல்லச் செல்ல ஐயம் மிகுவதால் கூம்பு விரிகிறது.

படம் வரைந்தவர் கருதியது இது. பார்ப்பவர் கருதுவது பெரும்பாலும் வேறு. கூம்பு விரிவதைக் கண்டு, புயல் வரவரப் பெரிதாகிறது என்று எண்ணுவோர் உண்டு. கூம்பின் விளிம்புக்கு அப்பால் உள்ள ஊர்க்காரர், தமக்கு மழையும் இல்லை காற்றும் இல்லை என்று எண்ணிவிடுவர். கூம்பு மையத்தின் வழியைக் குறிப்பதேயன்றி, புயலின் பரப்பைக் குறிப்பதன்று. யாவற்றினும் பெரிய கேடு நடுவில் செல்லும் கோட்டினால் விளைவது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை நோக்கிச் சார்லி என்ற புயல் வந்தது. படத்தின் நடுக்கோடு டாம்பா நகரை நோக்கிச் சென்றது. புயலோ முன்னதாகவே திரும்பி, தெற்கே புண்டா கோர்டா என்ற ஊரின் பக்கம் கரை கடந்தது. அவ்வூர் கூம்புக்குள்ளேயே இருந்தது. எச்சரிக்கையும் முன்கூட்டியே விடப்பட்டிருந்தது. ஆயினும் பலரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் எதிர்பாராத அடி விழுந்தது போல் திகைத்தனர். நடுக்கோடு இல்லாத படத்தையும் அந்நாட்டுப் புயல் மையம் இப்போது தருகிறது. வங்கக் கடற்கரையில் மீனவர் குப்பங்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டு செல்லும் பணியாளர், கோட்டைச் சுட்டிக் காட்டாமல் கூம்பின் இரு ஓரங்களையும் சுட்டிக் காட்டிப் பேசுவது நலம். படத்தை வரைவோரும் அக்கோட்டை மெலிதாக்குவது பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

சிறு பிழைகள் சிலவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு நெல் ரகம் ஏக்கருக்கு 2,000 கிலோவும், மற்றொன்று 2,100 கிலோவும் விளைகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு நூற்றுக்கு ஐந்து. செங்குத்து அச்சை 1,950இலிருந்து தொடங்கிப் பட்டைகள் வரைந்தால், இரண்டாவது பட்டை முதலாவதைப் போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும்! பட்டையின் நீளமே அளவைக் கூறுவதால் அது சுழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லாப் படங்களுக்கும் இவ்விதியைக் கண்மூடிப் புகுத்துவதும் தவறே. உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரையும் மருத்துவர் சுழியிலிருந்து தொடங்கினால் காய்ச்சலே கண்ணுக்குத் தெரியாது. வட்டத்தைத் துண்டுகளாக்கிக் காட்டும் படத்தைத் தடித்த அப்பம் போல் சாய்த்து வரையும் பழக்கம் ஒன்று பரவியுள்ளது; முன்னே உள்ள துண்டு பெரிதாகவும் பின்னே உள்ளது சிறிதாகவும் தோன்றுவதைத் தவிர அதனால் பயன் இல்லை.

நுண்ணோக்கிப் படங்களின் கீழ் ‘400 மடங்கு’ என்று எழுதுவதும் இப்போது பொருளற்றதாகிவிட்டது. அதே படம் பாதியளவில் அச்சிடப்பட்டால் 200 மடங்காகிவிடும். கைப்பேசித் திரையில் எத்தனை மடங்கு என்று எவராலும் கூற இயலாது. படத்தினுள்ளேயே ஒரு சிறு அளவுக்கோடு வரைந்து, அதன் நீளம் இத்தனை மைக்ரான் என்று எழுதிவிட்டால், படம் சுருங்கும்போது கோடும் சேர்ந்து சுருங்கும், அளவு மாறாது. நிலப்படங்களுக்கும் இது பொருந்தும். நிறங்களிலும் எச்சரிக்கை வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆடவர் ஒவ்வோர் ஊரிலும் சிலர் இருப்பர். மேலும், வட்டார அலுவலகத்தில் படம் நகலெடுக்கப்படும்போது அவ்விரு நிறங்களும் பல சமயங்களில் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. வானிலை எச்சரிக்கைகளில் வரும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கும் கறுப்பு நகலில் என்னவாகும் என்பதை ஒருமுறை நகலெடுத்துப் பார்த்தாலே போதும். நிறத்தின் மேலேயே அதன் பொருளை எழுத்தால் எழுதிவிடுவது தக்க வழி.

எழுத்து என்றதும் மொழி வந்துவிடுகிறது. அறிவியல் செய்திகளை மாநில மொழிகளில் வெளியிடும்போது கட்டுரை மொழிபெயர்க்கப்படுகிறது. படமோ ஆங்கிலப் பெயர்களுடன் அப்படியே ஒட்டப்படுகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் அன்று. பெயர்கள் படத்தோடு படமாக உறைந்து கிடப்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. பிரித்தெடுக்க முடிந்தாலும், ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டப்பட்ட சிறு கட்டத்துக்குள் தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. நெருக்கி அடைத்தால் கொம்பும் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; எழுத்துரு பொருந்தாத கணிப்பொறியில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்களே தோன்றும். சில படங்களில் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தையே குறியாக வைத்திருப்பர். தமிழில் அவ்வெழுத்துக்கு எவ்விதத் தொடர்பும் இராது. இதன் விளைவு, பக்கத்தில் தமிழும் படத்தில் ஆங்கிலமுமாக இரண்டு வேறு பாடங்கள். மாணவர் இரண்டையும் இணைக்கத் தெரியாமல் படத்தை மனப்பாடம் செய்கின்றனர்.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இதைவிடச் சிறப்பாகச் செய்தவர்கள் உண்டு. கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற தாவர நூலின் படங்களில், செடியின் பெயர் லத்தீன், மலையாளம், அரபு, தேவநாகரி ஆகிய நான்கு எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. செப்புத் தகட்டில் கையால் செதுக்கிய காலத்தில் இயன்றது, இன்று இயலவில்லை என்பது வியப்பே. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஈக்கோனிஸ் என்ற நூலில் 2,101 படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்களுள் முதன்மையானோர் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர் இருவர். கிளை முழுவதையும் நடுவில் வரைந்து, பூவைப் பிரித்துப் பெரிதாக்கிய உறுப்புகளை ஓரத்தில் எண்ணிட்டு வைப்பது அக்காலத் தாவரப் படங்களின் முறை. விளக்கம் எண்ணின் வழியே தனியாக அச்சிடப்படும். எண்ணை மட்டும் தாங்கும் படத்தை எந்த மொழியிலும் பயன்படுத்தலாம் என்பது அம்முறையின் நன்மை. கோவிந்துவின் திறமையை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் அவர் பெயரையே சூட்டினார்.

ஆராய்ச்சியாளர் ஓவியர் அல்லர், அவரிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது தகுமா என்ற வினா எழலாம். தகும். ஓவியத் திறன் வேண்டியதில்லை. தாம் கூற வந்தது எது என்ற தெளிவே வேண்டும். கையால் படம் வரைந்த நாட்களில், நிலையத்தின் வரைவாளர் தம் மேசையில் அமர்ந்தபடியே, ‘ஐயா, இந்தக் கோடு எதைக் காட்டுகிறது?’ என்று கேட்பார். கணிப்பொறி அவ்வாறு கேட்பதில்லை; கொடுத்ததை வரைந்து தருகிறது. அவ்வினாவை இப்போது யார் கேட்பது என்பதை நிலையங்களே முடிவு செய்ய வேண்டும். படத்தை எளிமையாக்கினால் உண்மை திரிந்துவிடும் என்று அஞ்சுவோரின் கருத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இங்கு கேட்கப்படுவது செய்தியைக் குறைப்பதன்று. சேதமுறாத ஏவுதல்களையும் சேர்க்கச் சொல்வது செய்தியைக் கூட்டுவதே. பிழைக்கோட்டின் பொருளை எழுதச் சொல்வதும் அவ்வாறே.

ஆராய்ச்சிக் கட்டுரையுடன் சொல்லற்ற கோட்டுப் படம் ஒன்றையும், அதிலுள்ள எண்களுக்குரிய பெயர்ப் பட்டியலைத் தனித் தாளிலும் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசின் நிலையங்கள் விதி செய்யலாம். இதற்குப் பெருஞ் செலவு ஆகாது. கணிப்பொறியில் மூலப்படம் ஏற்கெனவே இருக்கிறது, அதை இருவகையாகச் சேமித்து வைத்தால் போதும். அச்சுக்குப் போகுமுன் அப்படத்தை ஒரு களப்பணியாளரிடமும் ஓர் ஆசிரியரிடமும் கட்டுரையைக் கொடாமல் காட்டி, அதில் என்ன தெரிகிறது என்று கேட்டறிய அரைமணி நேரம் ஆகும். அவர்கள் கூறுவது கட்டுரையாளர் கருதியதற்கு மாறாக இருந்தால், படத்தைத் திருத்த அப்போதும் காலம் இருக்கும்.